எந்த வட்டை எடுப்பது?

ஆண்டு விளையாட்டு விழா நெருங்கும் மாதத்தில், மாலை மணி அடித்ததும் விளையாட்டு அறையின் வாயிலில் நாலைந்து மாணவியர் வந்து நிற்பார்கள். எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான். "டீச்சர், எந்தத் தட்டு நல்லாப் போகும் டீச்சர்?" ஏதோ பேருந்தைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்பார்கள். தட்டு தானாகப் போவதில்லை, எறிகிறவள்தான் அதை அனுப்புகிறாள் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவது என் வழக்கமாக இருந்தது. அந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளியது தவறு என்பது இப்போது என் கருத்து. அதை நம் மாணவியருக்கும், பெற்றோருக்கும், அருட்சகோதரியருக்கும் சொல்லவே இக்கட்டுரை.

மைதானத்தில் நாம் தட்டு என்கிறோம். செய்தித்தாள்கள் வட்டு என்று எழுதுகின்றன. நானும் இங்கே வட்டு என்றே எழுதுகிறேன். தட்டு என்றால் விடுதி மாணவியருக்குச் சாப்பாட்டு நினைவு வந்துவிடும்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவியர் சிலர் சேர்ந்து விளையாட்டுப் பொருள்கள் வாங்கப் பணம் தந்தார்கள். மகிழ்ச்சியில் நான் செய்த முதல் காரியம், கடையில் இருந்ததிலேயே விலையுயர்ந்த வட்டு ஒன்றை வாங்கியதுதான். பளபளக்கும் எஃகு விளிம்பு, மஞ்சள் நிறப் பக்கங்கள். பெரிய போட்டிகளில் இதைத்தான் எறிகிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அது பொய்யன்று. அப்போது ஒன்பதாம் வகுப்பில் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, பழைய மரவட்டை எறிவதில் எல்லோரையும்விடச் சீராக இருந்தாள். மிகத் தொலைவு போகாது. ஆனால் பத்து முறை எறிந்தால் எட்டு முறை ஒரு பாய் விரித்த இடத்துக்குள் விழும். இவளுக்கே புதிய வட்டு என்று பெருமையோடு அவள் கையில் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் அவளுடைய எறி கெட்டுப் போயிற்று. வட்டு கையை விட்டுப் போகும்போதே தள்ளாடியது. காற்றில் படுத்துச் செல்ல வேண்டியது, எண்ணெய் காணாத மின்விசிறிபோல் ஆடியாடிப் போய் விழுந்தது. "கையில நிக்க மாட்டேங்குது டீச்சர், பழசே குடுங்க" என்று இரண்டு முறை கேட்டாள். "பழக்கம் போதவில்லை, இன்னும் எறி" என்று நான் சொன்னேன். உப்பளம் இந்திராகாந்தி விளையாட்டு அரங்கில் போட்டியன்று மூன்று வாய்ப்புகள். இரண்டு, கோட்டுக்கு வெளியே விழுந்தன. மூன்றாவது உள்ளே விழுந்தது, ஆனால் அவள் ஏழாம் வகுப்பில் எறிந்த தொலைவுகூட இல்லை. அவள் அழவில்லை. காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறி, ஜன்னலோரமாய் உட்கார்ந்து, ஊர் வரும்வரை ஒன்றும் பேசாமல் வந்தாள். மறுவாரத்திலிருந்து அவள் மைதானத்துக்கு வருவது நின்றது.

பிறகுதான் எனக்குத் தெரியவேண்டியதைத் தேடிப் படித்தேன். முன்பே படித்திருக்கலாம்.

செய்தி இதுதான். ஒரே எடையுள்ள இரு வட்டுகள் ஒரே வட்டு ஆகமாட்டா. பெண்கள் எறியும் வட்டு ஒரு கிலோ எடை இருக்க வேண்டும்; குறுக்களவு 180 முதல் 182 மில்லிமீட்டர்; நடுவில் 37 முதல் 39 மில்லிமீட்டர் கனம். இவ்வளவும் விதியில் உண்டு. ஆனால் அந்த ஒரு கிலோவில் எவ்வளவு நடுவில், எவ்வளவு விளிம்பில் என்பது செய்கிறவர் விருப்பம். மரவட்டிலும் பழகுவோருக்கான வட்டுகளிலும் எடை ஓரளவு பரவி நிற்கும். விலையுயர்ந்த வட்டுகளிலோ எடையில் பெரும்பகுதி, எண்பது விழுக்காட்டுக்கும் மேல், விளிம்பிலேயே வைக்கப்பட்டிருக்கும்.

இதனால் என்ன ஆகிறது? வில்லியனூரில் சுடுமண் வேலை நடக்கும் வீடுகளைப் பார்த்த மாணவியருக்கு நான் விளக்கவே வேண்டாம். குயவர் சக்கரத்தின் ஓரம் கனமாக இருக்கும். அதைக் கிளப்புவதற்குக் கோலைச் செருகி, உடம்பைக் கொடுத்துச் சுழற்ற வேண்டும். கிளம்பிவிட்டாலோ, பானை உருவாகி முடியும்வரை தடுமாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். லேசான சக்கரத்தை யாரும் சுற்றிவிடலாம், ஆனால் சீக்கிரம் நின்றுவிடும். வட்டும் அப்படியே. விளிம்பு கனத்த வட்டு, சரியாகச் சுழற்றப்பட்டால் நெடுநேரம் சுழற்சியைக் காத்துக்கொண்டு, காற்றில் படுத்தபடி நெடுந்தூரம் செல்லும். சுழற்றும் வலு விரலில் இல்லாதவள் எறிந்தால் அந்தக் கனமே எதிரியாகிவிடும். சுழற்சி குறைந்த வட்டு ஆடும். ஆடுகிற வட்டைக் காற்று தாங்காது, தள்ளிவிடும். பழைய மரவட்டு அவளுடைய மெல்லிய விரலுக்கும் சுழன்று கொடுத்தது. நான் கொடுத்த வட்டு, அவளிடம் இன்னும் வராத வலுவைக் கேட்டது.

ஆகவே நான் சொல்ல வருவது: பழகுகிற பெண்ணுக்கு நல்ல வட்டு என்பது சாம்பியன் எறியும் வட்டு அன்று, அவள் விரல் சுழற்றக்கூடிய வட்டு. விலையை வைத்தும் பளபளப்பை வைத்தும் வட்டைத் தேர்வது, அக்காவின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடுவதுபோல.

இதில் பெண்களுக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. இதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். உலகப் போட்டி விதிகளில் ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் ஒன்றரைக் கிலோ, இருபதுக்கு உட்பட்டோர் ஒன்றே முக்கால் கிலோ, பெரியவர்கள் இரண்டு கிலோ. பையன் வளர வளர வட்டும் வளர்கிறது. பெண்களுக்கு மூன்று பிரிவிலும் ஒரே எடை, ஒரு கிலோ. ஒலிம்பிக்கில் எறியும் முப்பது வயதுப் பெண்ணுக்கும், கரிக்கலாம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் பதினாறு வயதுப் பெண்ணுக்கும் அதே ஒரு கிலோதான். எட்டாம் வகுப்பில் பழகத் தொடங்குகிறவள் அண்ணாந்து பார்ப்பதும் அந்த எடையைத்தான். விதியை நாம் மாற்ற முடியாது. ஆனால் பழகும்போது எந்த எடையை எறிய வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. முக்கால் கிலோ வட்டுகள் கிடைக்கின்றன. விதி தராத படிக்கட்டைப் பள்ளி கட்டிக் கொடுக்கலாம் அல்லவா?

பெண் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்கும் தாய்மாரும் உண்டு. தோள் அகன்றுவிடும், நாளை மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று என்னிடமே ஒருவர் கவலைப்பட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் இரண்டு பெண்களின் கதை. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் வைத்தார்கள். மொத்தம் ஐந்தே போட்டிகள். அவற்றில் வட்டு எறிதலும் ஒன்று. போலந்து நாட்டின் ஹலினா கொனோபாட்ஸ்கா 39.62 மீட்டர் எறிந்து வென்றார். ஒலிம்பிக் தடகளத்தில் தங்கம் வாங்கிய முதல் பெண் அவரே. கவிதை நூலும் வெளியிட்டவர். அடுத்தவர் நம் நாட்டவர். ஹரியானாவில் உழவர் குடும்பத்தில் பிறந்து, ராஜஸ்தானில் வாழ்க்கைப்பட்ட கிருஷ்ணா பூனியா. 2010இல் டில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 61.51 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளின் தடகளத்தில் இந்தியாவுக்கு 1958இல் மில்கா சிங் தங்கம் வாங்கியபின் 52 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம் அது. இந்தியப் பெண்ணுக்கு முதலாவது. வெள்ளியும் வெண்கலமும்கூட அன்று இந்தியப் பெண்களுக்கே. அப்போது அவர் ஒரு மகனுக்குத் தாய், அவருக்குப் பயிற்சி தந்தவர் கணவரே. இதைக் கேட்டதும் அந்தத் தாய், "அப்படியா டீச்சர்!" என்றார். மகளை அனுப்பினார் என்று எழுத ஆசைதான். இன்னும் அனுப்பவில்லை.

வட்டு விளையாட்டில் இன்னொரு வகையும் உலகில் பரவியிருக்கிறது. அதிலிருந்தும் நாம் கற்கலாம். வட்டுக் கோல்ஃப் என்பது அதன் பெயர். பிளாஸ்டிக் வட்டுகளை மரங்களுக்கு இடையே எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் குறைந்த எறிகளில் விழச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கென ஒரு களம் அமைத்தார். சங்கிலிக் கூடையும் அவர் ஆக்கமே. அந்த வட்டு இருநூறு கிராமைத் தாண்டக் கூடாது. நம் வட்டில் ஐந்தில் ஒரு பங்கு எடைதான். ஆனால் வகைகளோ நூற்றுக்கணக்கில்! ஒவ்வொன்றின்மேலும் பெரும்பாலும் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். எவ்வளவு வேகமாக எறிய வேண்டியது, எவ்வளவு மிதக்கும், பறக்கும்போது எந்தப் பக்கம் சாயும், வேகம் குறைந்தபின் எந்தப் பக்கம் விழும் என்பவை அவை.

அங்கேயும் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு என் தவறேதான். சாம்பியன்கள் எறிகிற, வேக எண் மிகுந்த, ஓரம் கூர்மையான வட்டை வாங்கிவிடுவார்கள். அந்த வேகத்தைக் கை தராததால் வட்டு சிறிது தூரம் போய் இடப்பக்கம் குப்புற விழும். உடனே இன்னொரு வட்டு வாங்குவார்கள். அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரை: வேகம் குறைந்த, எடை குறைந்த வட்டு ஒன்றையே எடுத்துக்கொள், பல வாரம் அதையே எறி, அது நேராகப் போகத் தொடங்கியபின் அடுத்ததைப் பார். மெதுவான வட்டு எறிகிறவளின் பிழையை ஒளிக்காமல் காட்டிவிடும் என்பதுதான் அதன் சிறப்பு. மணிக்கட்டு திரும்பினால் அது உடனே சாய்ந்து காட்டும். இவ்விளையாட்டு நம் ஊர்ப் பள்ளிகளுக்கு வராவிட்டாலும், அந்த அறிவுரை வரலாம்.

இனி மாணவியருக்குச் சில சொற்கள். வட்டை எடுக்கும்போது முதலில் உள்ளங்கையைப் பாருங்கள். நான்கு விரல்களின் கடைசிக் கணு மட்டும் விளிம்பின்மேல் மடிந்து பிடிக்க, கட்டைவிரல் சும்மா மேலே கிடக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டும்போது, இறுக்கிப் பிடிக்காமலேயே வட்டு விரலில் நிற்கிறதா? நிற்காவிட்டால் அந்த எடை இன்னும் உங்களுக்கு இல்லை, வெட்கப்படாமல் சிறியதை எடுங்கள். பிறகு, தரையில் உருட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் கோட்டின்மேல், ஆள்காட்டி விரலிலிருந்து கடைசியாக விடுபடும்படி உருட்டினால் வட்டு நிமிர்ந்து நேரே ஓட வேண்டும். இரண்டு அடியில் சாய்ந்து விழுந்தால் பிழை விரலில் இருக்கலாம், வட்டிலும் இருக்கலாம். வேறொருத்தியை உருட்டச் சொல்லுங்கள். அவளுக்கும் சாய்ந்தால் வட்டு கோணல்.

வட்டும் கோணும் என்பதைப் பலர் நம்புவதில்லை. மழையில் நனைந்த மரவட்டு வீங்கும், காயும்போது நெளியும். திருகு தளரும். கல்லில் மோதி விளிம்பில் பிசிறு எழும். அது விரலைக் கிழிக்கும், பயமும் காட்டும். பயந்த விரல் சீராக விடாது. எடையும் குறையும். சென்ற ஆண்டு நம் வட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு மளிகைக் கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். கடைக்காரர் துவரம்பருப்பு கேட்ட அம்மாளைக் காக்க வைத்துவிட்டு எனக்கு நிறுத்துக் கொடுத்தார். ஒரு கிலோ என்று நாங்கள் எறிந்துகொண்டிருந்த ஒன்று 60 கிராம் குறைவாக இருந்தது. இதை எறிந்து பழகியவள் போட்டியில் சரியான வட்டை வாங்கியதும், இது ஏன் கனக்கிறது என்று திகைக்க மாட்டாளா?

ரப்பர் வட்டைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எஃகு விளிம்பு இல்லாததால் அது சீக்கிரம் சுழன்று சீக்கிரம் நிற்கும், தொலைவு போகாது. ஆனால் கெட்டித் தரையில் உடையாது, சுவரில் மோதினாலும் கெடாது, ஆறாம் ஏழாம் வகுப்புச் சிறுமிகள் கையில் அச்சமின்றிக் கொடுக்கலாம். வளையப்பந்து ஆடிப் பழகியவர்களுக்கு இது மிகப் பொருத்தம். வளையம் ஆடிக்கொண்டே போனால் தவறு என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். ஆடாமல் அனுப்பும் மணிக்கட்டு அவர்களிடம் இருக்கிறது. நம் பள்ளியில் நல்ல வளையப்பந்துக்காரிகளைத் தேடியே நான் வட்டு எறிய ஆள் பிடிக்கிறேன் என்ற ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தேர்ந்த வட்டை மாற்றாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் ஒரே வட்டு. பின்புறம் அழியாத மையால் உங்கள் வகுப்பை எழுதிக்கொள்ளுங்கள். சுழன்று எறிவதற்கு அவசரப்படாமல் முதலில் நின்றபடியே எறியுங்கள். பத்து முறை எறிந்து, விழுந்த இடத்திலெல்லாம் ஒரு குச்சி நடுங்கள். தூரத்துக் குச்சியைப் பார்த்து மகிழ்வது இயற்கை. ஆனால் நான் பார்ப்பது பத்துக் குச்சிகளும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதையே. போட்டியில் இரண்டரை மீட்டர் வட்டத்துக்குள் நின்று, 35 பாகைக்கும் சற்றுக் குறைந்த ஒரு விசிறிக்குள் எறிய வேண்டும். விசிறிக்கு வெளியே விழுந்த நெடும் எறியை அளப்பதற்கு நாடாவை யாரும் எடுக்கமாட்டார்கள்.

காற்றையும் கவனியுங்கள். பின்னாலிருந்து காற்று வீசினால் வட்டு அதிகம் போகும் என்று நினைக்கிறீர்கள். பந்துக்கு அது சரி. வட்டு இறக்கைபோல் காற்றில் படுப்பது, ஆதலால் எதிர்க்காற்றுதான் அதைத் தாங்கும். 2025 ஏப்ரலில் லித்துவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா 75.56 மீட்டர் எறிந்து ஆண்கள் உலகச் சாதனை படைத்த இடம் அமெரிக்காவின் ராமோனா என்னும் சிற்றூர். காற்று வீசும் திறந்த வெளி என்பதற்காகவே எறிவோர் அங்கே போகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோடையில் பிற்பகல் ஆனால் கடல்காற்று கிழக்கேயிருந்து பாகூருக்கும் வில்லியனூருக்கும் தானே வந்துவிடுகிறது. ஆனால் ஒன்று: ஆடுகிற வட்டுக்கு எதிர்க்காற்று உதவாது, கவிழ்த்துவிடும். ஆகவே பழகுகிறவள் காலையில் காற்றில்லாத நேரத்தில் எறியட்டும். வட்டு படுத்துப் போகத் தொடங்கியபின் மாலைக்கு வரட்டும். எதிரே ஆள் நிற்கக் கூடாது, எறிந்த வட்டை எடுக்க எல்லோரும் சேர்ந்தே போக வேண்டும் என்பதைக் காலையும் மாலையும் நான் கத்திக்கொண்டிருப்பதால் இங்கே எழுதவில்லை.

அருட்சகோதரியருக்கு ஒரு விண்ணப்பம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் நல்ல வட்டு ஒன்று கண்ணாடி அலமாரியில் கோப்பைகளுக்கு நடுவே பூட்டப்பட்டிருக்கும். போட்டிக்கு முதல் நாள்தான் வெளியே வரும். பிள்ளைகள் அதை அதுவரை தொட்டிருக்கமாட்டார்கள். நம் பள்ளியில் அப்படி இல்லை என்பதற்கு நன்றி. ஆனால் அடுத்த முறை பணம் வரும்போது, ஒரு விலையுயர்ந்த வட்டுக்கு மாற்றாக, இரண்டு ரப்பர் வட்டும், இரண்டு முக்கால் கிலோ வட்டும், மூன்று ஒரு கிலோ மரவட்டும் வாங்கித் தாருங்கள். மஞ்சள் வட்டை விற்க வேண்டாம். அதற்கு உரிய கை நம் பிள்ளைகளில் ஒருத்திக்கு வரும், அப்போது எடுத்துக்கொள்வோம். உடற்பயிற்சி வகுப்பைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவதைப் பற்றியும் எழுத நினைத்தேன். அவர் என் தோழி. ஆகவே விட்டுவிட்டேன்.

அந்த மாணவி இப்போது பதினோராம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தங்கையை அழைத்துப் போக வந்தவள் மைதானத்து ஓரம் நின்றாள். நான் போய், அன்று உன்மேல் பழி போட்டேன், பிழை வட்டைத் தேர்ந்த என்னுடையது என்று சொன்னேன். ஒரு டீச்சர் அப்படிச் சொல்வது அவளுக்கு எப்படியோ இருந்தது போலும், தலையைக் குனிந்துகொண்டு, "பரவால்ல டீச்சர்" என்றாள். பிறகு விளையாட்டு அறைக்குள் போய், மூலையில் கிடந்த பழைய மரவட்டைத் தேடி எடுத்து வந்து, பாவாடை ஓரத்தால் தூசியைத் துடைத்துவிட்டு, கோட்டின்மேல் ஒரு முறை உருட்டினாள். நேராகத்தான் ஓடியது. விளிம்பில் ஒரு திருகு மட்டும் தளர்ந்திருக்கிறதாம். அவள் அப்பா தச்சு வேலை செய்கிறவர்; திங்கட்கிழமைக்குள் முடுக்கிக் கொண்டு வருகிறேன் என்று வட்டைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.